வாசலில் கிடக்கும் செருப்பு

திருமானூர்,
13.7.2025

அன்பு மகள் பிரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே "ஹெச்.எம். மாதிரி பேசாதம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பெரம்பலூர் என்ன சீமையா? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஈஸ்டருக்கு வந்தவள்தான்.

எங்கள் பள்ளிக்கு அரசு ஒரு கவுன்சலரைப் போட்டிருக்கிறது. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கத் தனி ஆள், தனி அறை, அதற்குப் பணமும் வந்தாயிற்று. பெயர் கீதாஞ்சலி, உன் வயதுதான் இருக்கும். கழிப்பறைக் கதவுக்கு நான் எத்தனை வருஷம் எழுதிப் போட்டேன் என்று உனக்கே தெரியும். இவளுக்கு வந்ததும் மின்விசிறியோடு அறை!

அதுகூடப் போகட்டும். மத்தியான மணி அடித்தால் என் அறை வாசலில்தான் செருப்புகள் கிடக்கும். அப்பா குடிக்கிறார், வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள், எல்லாம் என்னிடம்தான் வரும். இப்போது அத்தனை செருப்பும் அவள் வாசலில். வயிறு எரிகிறது, பெற்ற மகளிடம் சொல்ல என்ன வெட்கம்? அவள் அறையை என் ஜன்னலுக்கு நேரே மாற்றிவிட்டேன். செருப்பைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவேன்.

வியாழக்கிழமை சத்யாவைக் கூப்பிட்டு, "என்கிட்ட சொல்லாதத அவகிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டேன். அழுதாளே தவிர வாய் திறக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என்னையே சுற்றி வந்த பிள்ளை! மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

நீயாவது பதில் எழுது.

அன்புடன்,
அம்மா மரிய புஷ்பம்


பெரம்பலூர்,
20.7.2025

அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் கோபம்தான் வந்தது.

நானும் உன் பள்ளியில்தானே படித்தேன். ஒன்பதாம் வகுப்பில் தினமும் மத்தியானம் உன் அறை வாசலில் வந்து நிற்பேன். செருப்புகள் கிடக்கும். உள்ளே யாரோ ஒருத்தி உன் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் உனக்குத் தலைவலி. "நாளைக்குச் சொல்லுடி" என்பாய். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. ஒருநாள் ஒரு செருப்பை எட்டி உதைத்துச் சாக்கடையில் தள்ளினேன். நீ அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாய்!

எனக்குத் தூக்கம் கெட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சனிக்கிழமைதோறும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மருந்துக்கடை மாடியில் ஒரு கவுன்சலரிடம் போகிறேன். மாடிப்படிக்குக் கீழே செருப்பை விடவேண்டும். தெரிந்த டீச்சர் யாராவது பார்த்து உன்னிடம் சொல்லிவிடுவார்களோ என்று முதலில் பையில் போட்டு எடுத்துப் போனேன். இப்போது கீழேயே விடுகிறேன்.

சத்யாவை விட்டுவிடும்மா. அங்கே என்ன சொல்கிறாய் என்று என்னையும் கேட்காதே. கேட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

பிரியா


திருமானூர்,
10.8.2025

அன்பு மகள் பிரியாவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அந்த மாடியில் இருப்பவள் யார், நான் கேட்காத எதைக் கேட்டுவிட்டாள் என்ற எரிச்சல்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சத்யா வீட்டுக்குப் போனேன். "இனிமே கேக்க மாட்டீங்கல்ல மிஸ்?" என்றாள். மாட்டேன் என்றேன். மறுநாள் வந்துவிட்டாள். கீதாஞ்சலியின் அறையைப் பின்பக்கம், நூலகத்தை ஒட்டி மாற்றிவிட்டேன். வந்த பணத்தில் கதவுக்கு உட்புறம் செருப்பு வைக்க ஒரு அலமாரி செய்யச் சொன்னேன். "உள்ள எதுக்கு மேடம்?" என்று கேட்டாள். "எனக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைம்மா" என்றேன். சிரித்தாள். நல்ல பெண்தான், என்ன செய்வது.

நேற்று பெரம்பலூரில் எங்களுக்குப் பயிற்சி. முடிந்ததும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மருந்துக்கடை மாடிப்படிக்குக் கீழே நீல வார் செருப்பு, ஈஸ்டருக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நீ இறங்கி வரும்வரை நிற்க ஆசையாகத்தான் இருந்தது. குனிந்து அதைத் திருப்பி ஜோடியாக வைத்துவிட்டு, அரியலூர் பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா