படத்தின் ஓரத்தில் உன் விரல்

படம் எடுக்கிறேன் என்று என் உயிரை எடுத்த என் மரகதத்துக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு வழியில்லை. நாங்கள் நலம். தேக்காவில் நாம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அரசாங்க அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். எட்டாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. நீ இருந்திருந்தால் அந்தக் குழாயடி ஈரத்தை இதற்குள் நாலு படம் எடுத்திருப்பாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் தலைத்திவசம். மாலை போட உன் படம் ஒன்று வேண்டும். அதுதான் வீட்டில் இத்தனை நாளாகப் பெரிய பிரச்சினை. ஒன்றுகூட இல்லை. செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து என் சித்தப்பா போகிற வருகிற ஆளிடமெல்லாம் கேட்டு அனுப்புகிறார், படத்துக்குச் சட்டம் போட்டாகிவிட்டதா என்று.

எங்கே போய் எடுப்பேன்? நம் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் மூன்று வேளையும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று ஒரு கடிதம் போட்டார். உன் அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது, தும்மலை அடக்கிக்கொண்டு நிற்பவள் மாதிரி. அந்த அட்டையையும் நீ போனதும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் கேமரா இல்லாமலா? ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மாலுமியிடம் அந்தப் பெட்டி கேமராவை நான் வாங்கியதே என்னை எடுத்துக்கொள்ளத்தான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறவன், கோட்டுப் போட்டு, தலை வாரி, கடற்கரையோரம் நிற்பதாக எண்ணம். நீ அதைக் கையில் வாங்கினாய். அத்தோடு சரி.

ஆளை எடுடி என்றால், ஆள் எழுந்து போன இடத்தை எடுப்பாய். சாப்பிட்டு மூடிய இலை. குளியலறையிலிருந்து சாமி படம் வரை ஈரக்கால் தடம். நான் சாய்ந்து சாய்ந்து சுவரில் விழுந்த எண்ணெய்க் கறை. கோலத்தின் நடுவே நம் வசந்தா ஓடிப்போன குதிகால் தடம். இவ்வளவுக்கும் மேலே, எல்லாப் படத்திலும் வலது ஓரத்தில் உன் விரல் சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கும். கேமரா கண்ணாடியை மறைக்காதே, விரலை எடு என்று நான் கத்தாத ஞாயிற்றுக்கிழமை உண்டா?

நாற்காலிப் படத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பையன் சிங்கப்பூரில் எப்படி இருக்கிறான், ஒரு படம் அனுப்பு என்று அப்பா ஊரிலிருந்து எழுதியிருந்தார். அந்தப் பொறுப்பை உன்னிடம் கொடுத்தது என் தப்பு. வெள்ளிக்கிழமை காலை, நான் குளிக்கப் போயிருந்தேன். என் நாற்காலியில் செய்தித்தாள், அதன்மேல் என் மூக்குக்கண்ணாடி, கீழே செருப்பு. விளக்கேற்ற வந்த நீ, கையிலிருந்த மல்லிகைச் சரத்தை நாற்காலி முதுகில் தொங்கவிட்டாய். பக்கத்தில் விளக்கு எரிந்தது. சன்னல் வெயில் நன்றாக விழுந்ததாம், எடுத்தாய். கழுவி வந்த படத்தின் பின்னால் 'உங்கள் மகன்' என்று அழகாக எழுதி ஊருக்கும் அனுப்பினாய்.

ஆளில்லாத நாற்காலி, பூச்சரம், எரியும் விளக்கு. ஊரில் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? அம்மா மயங்கி விழுந்தாராம். உன்னிடம் கேட்க மனம் வராமல் அப்பா சித்தப்பாவுக்குத் தந்தி அடித்தார், கூடவே இருந்து காரியத்தை நடத்து என்று.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா நாலு ஆட்களும் ஆளுயர மாலையுமாகப் பஸ் ஏறி வந்தார். மாடிப்படியிலேயே அழுகை கேட்டது. யார் வீட்டிலோ துக்கம் என்று பாதிச் சவரத்தில், கன்னத்து நுரையோடு போய்க் கதவைத் திறந்தேன்.

சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ ஏண்டா கதவத் திறக்கிறே?" என்றார்.

உயிரோடு இருப்பதற்காக அவ்வளவு திட்டு வாங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "ஓவர்டைம விட்டுட்டு வந்திருக்கேன் லா" என்று அதையும் என் தலையில் போட்டார். அப்புறம் மாலையை என்ன செய்வது என்று குழப்பம். சாவுக்கு வாங்கியதைச் சாமிக்கும் போட முடியாது, எனக்கும் போட முடியாது. கடைசியில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பக் கொண்டுபோனார். அதற்குள் நீ, ஐந்து பேரும் குடித்து வைத்த காப்பி டம்ளர்களையும் மாலையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட்டாய்.

என் முகத்தை எடுத்து அனுப்பினால் என்ன குறைந்துபோகும் என்று அன்று உன்னைக் கேட்டேன். நீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "உங்க மூஞ்சி அவங்களுக்குத் தெரியாதா? எப்படி இருக்கீங்கன்னுதானே கேட்டாங்க. இப்படித்தான் இருக்கீங்க."

நான் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் சாவி என் இடுப்பில் இருந்தது. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, மரகதம். அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியை வாங்கி உன் பக்கம் ஒரு தடவை திருப்ப எனக்குத் தோன்றவில்லை. நீ நிற்க மாட்டேன் என்றா சொன்னாய்? நான் கேட்டால்தானே.

போன வாரம் உன் பிஸ்கட் டின்களையெல்லாம் திறந்து தரையில் கொட்டினோம். எங்காவது ஒரு மூலையில் நீ இருக்க மாட்டாயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். என் லுங்கி ஏழு இடத்தில் காய்கிறது. நான் பல் துலக்கிய பிரஷ்கூட இருக்கிறது. நீ இல்லை. உன் தங்கையின் படத்தைக் கொடுத்தால் அதைப் பார்த்து உன் முகத்தை வரைந்து தருவதாக ஸ்டூடியோக்காரர் சொன்னார். உன் தங்கைக்கு மாலை போட்டு நான் யாரிடம் உதை வாங்குவது?

வசந்தாதான் திடீரென்று ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். "அப்பா, அம்மா எல்லாத்துலயும் இருக்காங்கப்பா" என்றாள். ஓரத்து விரலைக் காட்டினாள். நான் முகம் தெரியவில்லையே என்றேன். "அம்மா மூஞ்சி நமக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டாள், அப்படியே உன் குரலில். நான் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

விரல் நன்றாக விழுந்த படம் எது என்று தேடினோம். நாற்காலிப் படம்தான், நீ உனக்கென்று எடுத்து வைத்திருந்த பிரதி. பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொண்டுபோனேன். ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல அளவுகோலை எடுத்தார். "அண்ணே, ஓரத்துல அக்கா விரல் வந்திருக்கு, வெட்டிரட்டுமா?" என்றார்.

"நாற்காலிய வேணும்னா வெட்டுங்க," என்றேன். "விரல விட்டுருங்க."

அவர் எதையும் வெட்டாமலே சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். சந்தனம், குங்குமம் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இடமே இல்லை. உன் விரலுக்குத்தான்.

சித்தப்பாவுக்கு இன்னும் விஷயம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கையில் பூமாலையோடு வருவார். அதே நாற்காலி, அதே பூச்சரம், அதே கண்ணாடி. பார்த்ததும் மறுபடி என்னைத்தான் தேடுவார். வயசான மனுஷன், தாங்க மாட்டார். அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்று காலையிலேயே முழுச் சவரம் செய்துகொண்டு, கதவை நானே திறப்பேன்.

இன்னும் உயிரோடுதான் இருக்கும்
உன் வீட்டுக்காரன்