மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை, அத்தா

அன்பு அத்தாவுக்கு,

இன்று கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே நீங்கள் அடங்கியிருக்கும் இடத்துக்கு வந்து நிற்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

நம் வீட்டு லான் நினைவிருக்கிறதா? டீக்கடையை அடைத்துவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் நடப்பீர்களே. ஒரு மழைக்காலத்தில் குழாயடிப் பக்கம் மஞ்சள் பூவோடு ஏதோ ஒன்று தரையோடு தரையாகப் படர ஆரம்பித்தது. "ஏங்கண்ணு, இதென்ன செடி? நொம்ப வேகமாப் போவுதே" என்று கேட்டீர்கள். நான் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "மஞ்சள் கரிசலாங்கண்ணி அத்தா, மருந்துச் செடி" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மஞ்சள் பூ, தரையில் படர்கிறது, அவ்வளவுதான். நீங்கள் நம்பிவிட்டீர்கள். டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க ஊட்டுல மஞ்சள் கரிசலாங்கண்ணி கெடக்குதுங்க, வேணும்னா வந்து பறிச்சுக்கங்க" என்று பெருமையாகச் சொன்னீர்கள். புல்லை அது தின்றுகொண்டே போனது, நீங்கள் வெட்ட விடவில்லை. நல்ல வேளை, பறிக்க யாரும் வரவில்லை.

கடையில் உங்களிடம் வெளியூர்க்காரர்கள் என்னென்னவோ கேட்பார்கள். சேர்வராயன் கோயிலுக்கு எந்த பஸ், மாரமங்கலத்துக்கு ஜீப் கிடைக்குமா என்று. தெரியாவிட்டால், "தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்று டீ ஆற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடுவீர்கள். எனக்கு மானம் போகும். ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பினால்தான் என்ன என்று முறைப்பேன்.

உங்களை அடக்கம் செய்த பிறகு, கபுர் மேல் நடப் பச்சையாக ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். உங்களுக்குப் பிடித்ததாயிற்றே என்று லானிலிருந்து அதையே ஒரு கை பிடுங்கி வந்து நட்டேன். அழுதுகொண்டேதான் நட்டேன், அத்தா.

கொஞ்ச நாளைக்கு முன் உங்கள் மருமகள் சேலத்தில் நிஜமான மஞ்சள் கரிசலாங்கண்ணிக் கீரை வாங்கி வந்தாள். நம் செடியில் ஒரு கொத்தைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கீரையின் இலை நீளமாக, சொரசொரவென்று இருந்தது. நம்முடையது பளபளப்பாக, இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி. "இது அதில்லீங்க" என்றாள். அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். நர்சரிகளில் அழகுக்கு விற்கிற வெளிநாட்டுச் செடியாம். கணுவுக்குக் கணு வேர் விட்டு, பக்கத்தில் எதையும் வாழ விடாதாம்.

அதற்குள் அது உங்களைத் தாண்டிப் பக்கத்துக் கபுரையும் மூடிவிட்டது. கறிக்கடை மாமாவின் கபுர். நேற்று அவர் மகன் யூசுப் அங்கே நின்றிருந்தார். "ஏனுங்க, எங்கத்தா தலைமாட்டுக் கல்லே தெரியலீங்க. இத யாரு வெச்சதுன்னு தெரியுங்களா? வாட்ச்மேன் வேலையாத்தான் இருக்கும். வெள்ளிக்கெழம ஜமாத்துல சொல்லி அவர வேலைய உட்டு நிறுத்தப்போறேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலீங்க" என்றேன். உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு, உங்கள் வார்த்தையையே எடுத்து. தெரியாதபோது தெரியும் என்றேன். தெரிந்தபோது தெரியாது என்றேன். அந்த வாட்ச்மேன் அப்போது தள்ளி நின்று சருகு கூட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்குக் கேட்டிருக்குமா அத்தா? கேட்டிருக்கக் கூடாது என்றுதான் ராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அதுவும் வெட்கம்தான்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க மாட்டேன். இதை முடித்துவிட்டு நேராக யூசுப் வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து வாட்ச்மேனிடம். அவர்கள் என்ன பேசினாலும் வாங்கிக்கொள்கிறேன். பிறகு மாமாவின் மேல் இருப்பதைக் கணு விடாமல் நானே பிடுங்குவேன். உங்கள் மேல் இருப்பதையும் எடுத்தாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இடத்தில் உங்களுக்கு என்ன செடி நடுவது? தெரியலீங்க அத்தா. கேட்டுச் சொல்றேன்.

உங்கள் மூத்த மகன்,
பஷீர்