உன் பெயரில் அரைத்த மசாலா

இயேசு மரி சூசை துணை

கிளமெண்டி
14.10.1983

அன்பு மகள் உர்சுலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமல் எங்களைவிடச் சுகம். பெர்த்தில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் அப்படியே நன்றாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டால் சிரிப்பாய், கேட்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது.

இப்போது ஒன்று சொல்லப் போகிறேன், முதலில் உட்கார்ந்துகொள். நான் வீட்டிலிருந்தபடி மூன்று விளம்பரக் கம்பெனிகளுக்குத் தமிழில் எழுதுவது உனக்குத் தெரியும். சோப்புக்காரர்களால் தொல்லை இல்லை. செசில் ஸ்ட்ரீட் அலெக்சாண்டர்தான் மசாலாத் தூளுக்கு எழுதச் சொல்லி, வேறு மசாலாவைத் தொடக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே சிராங்கூன் ரோட்டிலிருந்து வடிவேலு என்பவர் போன் செய்து, போட்டி மசாலாவுக்கு எழுத ஆள் வேண்டும், உங்க பேரு என்ன என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உர்சுலா என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து நம் வீட்டில் இரண்டு எழுத்தாளர்கள். திங்கட்கிழமை பேப்பரில் எங்கள் தூள் மணக்கும் என்று நான் எழுதுவேன், புதன்கிழமை மணம் மட்டும் போதுமா, ருசி வேண்டாமா என்று நீ கேட்பாய். போன் அடித்தால் அப்பா எடுத்து, அம்மா வேணுமா மக வேணுமா என்கிறார், அவருக்கு இதில் தனிக் குஷி. போன வாரம் அலெக்சாண்டர் உன் விளம்பரத்தை என் முன்னால் விரித்து, யாரு லா இது, எப்படியாச்சும் நம்ம பக்கம் இழுத்துட்டு வாங்க என்றார். பொறாமையில் என் முகம் சுண்டிவிட்டது. பரவாயில்லை, அனுபவம் போதாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுதான் வினை வந்தது. வடிவேலு போன் செய்து, ரெண்டு மசாலாவுக்கும் ஒரே கைதான்னு பேசிக்கிறாங்க, நீங்க நேர்ல வாங்க, என் முன்னாடி உக்காந்து நாலு வரி எழுதுங்க என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, உன் காலை உடைத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்குத்தான் மாவுக்கட்டு அவிழ்ப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீ வரும்போது கொஞ்சம் நொண்டி நட. ஆள் வராவிட்டால் இரண்டு இடத்திலும் கதவை அடைத்துவிடுவார்கள், இந்த வயதில் கிடைத்த வேலையை விட எனக்கு மனம் வரவில்லை.

காலைச் சமாளித்துவிடலாம், கைக்கு என்ன செய்வது? மூன்று வருஷமாக நீ எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். அப்பாதான் வாசித்துச் சொல்கிறார், அவர் வாயில் அது ஜூரோங் கப்பல் பட்டறை நோட்டீஸ் போல இருக்கிறது. கடைசியில் நீ அன்பாக எழுதும் வரி வந்தால் வெட்கப்பட்டுக் கடிதத்தை மடித்துவிடுகிறார். அதனால் இன்றிலிருந்து வாரம் ஒரு பக்கம் எனக்குத் தமிழில் எழுதிப் பழகு. பிழை இருந்தால் இருக்கட்டும். தாளில் உன் பெயரை எழுதும்போதெல்லாம் நீ அடுத்த அறையில் இருப்பது போல இருக்கிறது, வடிவேலுவை நான் விடாததற்கு அதுதான் காரணம்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். வரும்போது குளிர்ச் சட்டையை அங்கேயே மறந்துவிடாதே.

உன் அம்மா,
பிலோமினம்மாள்

பி.கு. நாளை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், அதற்குமுன் உன்னிடமே சொல்லிவிடுகிறேன். வடிவேலு நேரில் வரச் சொன்னது நிஜம். எழுதிக் காட்டச் சொன்னது என் சொந்தச் சரக்கு. ஆனாலும் எழுது.