பாதிக்குப் பாதி

மார்ச் 4

அன்புள்ள வாலு,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? கண் மங்கிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள்.

கண்புரையை எடுக்க டாக்டர் தயார். சர்க்கரைதான் முந்நூறில் நிற்கிறது. அது இறங்காமல் கண்ணில் கை வைக்கமாட்டாராம். ஊசியில் நூல் கோர்க்க முடியாத தையல்காரனை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? முதலாளி என்னைப் பட்டன் பிரிக்க உட்கார வைத்திருக்கிறார். நேற்று அதிலும் கறுப்பையும் நீலத்தையும் கலந்துவிட்டேன்.

மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். சோறு ஒரு கரண்டிதான். மாத்திரை, நடை எதையும் விடவில்லை. ஆனால் அப்பாவின் கொத்துக்கறியை மாற்ற விடமாட்டேன். பாதி கறி, பாதி உருளைக்கிழங்கு, தினம் ஒரு வேளை. ஹாஸ்டல் சமையல்காரி என்று எனக்குப் புத்தி சொல்ல வராதே.

உன் அண்ணன்


மார்ச் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சொல்லி நீ எதைக் கேட்டாய்? அப்பா கணக்குப்படியே சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். உன் மாப்பிள்ளை உன்னை விசாரித்தார்.

அண்ணி, இதற்குக் கீழே இருப்பதை வாய்விட்டுப் படிக்காதீர்கள். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பேசிப் பயனில்லை. கிழங்குக்குப் பதில் காலிஃபிளவர் வாங்குங்கள். பூவை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் கிழங்குத் துண்டு அளவுக்கு நறுக்குங்கள். மஞ்சள், உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, துணியால் ஈரத்தை ஒற்றி, எண்ணெயில் சிவக்க வறுங்கள். கறியில் மசாலா சுருண்ட பிறகு கடைசியாகச் சேருங்கள். முன்னாலேயே போட்டால் குழைந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே இருநூறு பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் கண் நன்றாகத் தெரியும்.

அவன் கண் தெரியாததை வைத்து அவனையே ஏமாற்றுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் கண்ணே போய்விட்டால் என்ன செய்வோம் அண்ணி?

உங்கள் வாலு


மே 16

அன்புள்ள வாலு,

நூற்று நாற்பது! நன்றாகக் கேட்டுக்கொள், நூற்று நாற்பது! திங்கட்கிழமை ஆபரேஷன்.

கொத்துக்கறியை ஒரு நாள்கூட விடவில்லை. டாக்டரிடமே சொல்லிவிட்டேன், “சார், உருளைக்கெழங்குல மருந்து இருக்கு. உங்க புஸ்தகத்துல இன்னும் அதைப் போடல.” இப்போதெல்லாம் கிழங்கும் முன்னைவிட ருசியாக வருகிறது. இனியாவது அண்ணன் சொல்வதைக் கேள்.

உன் அண்ணன்

(அண்ணி எழுதுவது: டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வரும்போது தனியாகக் கூப்பிட்டுச் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.)


ஜூன் 28

அடி கள்ளி,

எழுத்தைப் பார்த்தாயா? என் கையெழுத்து, ஒரு வரிகூடக் கோணவில்லை. டாக்டர் சொன்ன நாள் முடிந்து நேற்றுக் கடைக்குப் போனேன். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்த்தேன். கடையே கைதட்டியது. முதலாளி என் பழைய மெஷினைத் துடைத்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆசையாக உன் கடிதங்களை எடுத்தேன். உன் அண்ணி ஓடிவந்து பிடுங்கப் பார்த்தாள். ‘வாய்விட்டுப் படிக்காதீர்கள்’ என்ற வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

தண்டு! மூன்று மாதம் நான் தின்றது தண்டு! டாக்டரிடம் அவ்வளவு பேசினேனே, என் மானம் என்ன ஆவது? சாப்பாடே வேண்டாம் என்று கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டேன். பிறகு பசித்தது. நிஜக் கிழங்கு போட்டு ஒரு சட்டி, தண்டு போட்டு ஒரு சட்டி வைக்கச் சொன்னேன். கிழங்கில் ஒரு வாய் எடுத்தேன். அப்பா மன்னிக்க வேண்டும், சப்பென்று இருந்தது. மறு சட்டியை வழித்துத் துடைத்துவிட்டேன்.

இன்று தண்டை நானே நறுக்கினேன். சமையலில் நீ ஜெயித்துவிட்டாய், வாலு. இதை வேறு யார் கையாலும் எழுதவைக்க எனக்கு மனசில்லை. என் கண்ணைத் திருப்பிக் கொடுத்தவள் நீதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணியிடம் ரகசியம் ஏதும் சொல்ல இருந்தால் வேறு வழி பார். இனி உன் கடிதத்தை அடிவரி வரைக்கும் நான்தான் படிப்பேன்.

உன் அண்ணன்