தினேஷின் பட்டியல், நான்காம் திருத்தம்

என் வாயாடித் தம்பி தினேஷுக்கு,

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கேமிங் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் உன் பட்டியல்படி வரவில்லை. திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டிவிட்டு மீதியைக் கேள்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பது நாள் டெங்குக் காய்ச்சல், பத்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது, விட்டுவிடுகிறேன். சொல்ல வேறு சங்கதி நிறைய இருக்கிறது. கம்பெனியில் நீ நின்ற மெஷினுக்கு இப்போது ஒரு ரோபோ கை வந்திருக்கிறது. அது உன்னைப் போல வாயடிக்காது, பத்து நிமிட டீக்குப் போய் அரை மணி நேரம் கழித்து வராது. சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். கேன்டீன்காரர்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் பேச்சை எடுக்கிறார்.

உன் பட்டியல் எங்கே கிடந்தது தெரியுமா? உன் யூனிஃபார்ம் சட்டைப் பையில். அன்றைய வேலையைக் குறிக்கிற ஜாப் கார்டின் பின்பக்கத்தில் பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, கேபினெட் என்று வரிசையாக எழுதியிருந்தாய். கீழே கம்பெனி டிராயிங்கில் இருப்பது போலவே மூன்று கட்டம்: வரைந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். வரைந்தவர் கட்டத்தில் மந்திரி போல நீட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். சரிபார்த்தவர் கட்டம் காலி. அது எனக்கு விட்ட இடம்.

மூன்று முறை மாற்றி மாற்றி எழுதி மூன்று முறையும் என்னிடம் நீட்டினாய். கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு, அதனால் வீட்டிலும் நான்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்பது உன் கிண்டல். நானும் மூன்று முறை ஒரே பதிலைத்தான் சொன்னேன். "முதல்ல பெர்மனென்ட் ஆகுடா. கான்ட்ராக்ட்ல இருந்துக்கிட்டு கேமாம், கம்ப்யூட்டராம். அப்புறம் போடறேன் கையெழுத்து." அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

இந்த வருடம் வாங்குவது என்று நானே முடிவு செய்தேன். உன் நினைவுக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன். உன்னிடம் பொய் சொல்வானேன்? எனக்கு விளையாடவேண்டும். கீல் உடைந்து டேப் சுற்றிய உன் லேப்டாப்பில் நாம் லாரி ஓட்டினோமே, சரக்கை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போதெல்லாம் அது தோசைக்கல்லாய்ச் சுட்டு நின்றுபோகும். அந்த மலையை ஒரு தடவையாவது முழுசாக இறங்கவேண்டும் என்று எனக்கு வெறி.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அவன் எழுதுனது எழுதுனபடி வாங்கு. ஒண்ணு கூட மாறக்கூடாது." உன் படத்துக்குக் கீழே மேசை போட்டு, அதில் கம்ப்யூட்டரை வைத்து, பக்கத்தில் விளக்கேற்றி, பூ வைப்பது அம்மாவின் திட்டம். ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில்தான் இன்னமும் வேலை. காம்பு குட்டையென்று கழித்த பூக்களைக் கொண்டுவந்து தினமும் உனக்கு வைக்கிறார், ஈரம் சொட்டச் சொட்ட.

நானும் சரியென்று உன் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஓசூரிலேயே முதலில் ராம் வாங்கினேன், நீ எழுதிய அதே டி.டி.ஆர். நாலாம் வகை. அடுத்த ஞாயிறு பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போனேன். அந்தக் கடைக்காரர் பாதி கன்னடம், பாதி தமிழ். போர்டு கேட்டேன், இப்போது வருகிற புது வகையை எடுத்துக் காட்டினார். பையிலிருந்து ராமை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இதக்கெ அது ஆகல்லா மேடம். நீங்க கொண்டாந்தது நாலு, இந்த போர்டு அஞ்சு. பள்ளம் வேற எடத்துல இருக்கு பாருங்க."

பார்த்தேன். ராமின் விளிம்பில் இருக்கிற வெட்டும் போர்டில் இருக்கிற மேடும் பொருந்தவில்லை. அளவு பார்க்கும் கேஜில் ஏறாத பீஸ் கழிவுக்கான சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். பழைய டிராயிங்கை வைத்துப் பீஸ் ஓட்டிவிட்டான் என்று போன மாதம்கூட ஒருவனை லைனில் நிற்க வைத்துக் கத்தியிருக்கிறேன். அதே வேலையை நானே செய்துவிட்டு அந்தக் கடையில் முழித்துக்கொண்டு நின்றேன். நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அதைச் சொல்லியே என்னை ஒரு வருடம் ஓட்டியிருப்பாய்.

"இதே ராம்தான் வேணும்னா பழைய போர்டும் இருக்கு. ஓடும். ஆனா நாளைக்குப் புதுசா ஒண்ணு போடணும்னா முடியாது" என்றார் அவர். எதை வாங்குவது? உன் எழுத்துப்படி பழையதையா, எனக்குச் சரியென்று படுவதையா? முடிவு செய்ய முடியாமல் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"பழசு இருக்குன்னு அவரே சொல்றாரில்ல? வாங்கிட்டு வரவேண்டியதுதானே?"

"ரெண்டு வருசத்துல மொத்தத்தையும் தூக்கிப் போடணும்மா."

"அவன் எழுதி வச்சத மாத்தறதுக்கு நீ யாருடி?"

"அவனோட அக்கா. மூணு தடவ கையெழுத்துக் கேட்டு வந்தான், மூணு தடவயும் போடாம வெரட்டுன அக்கா. தப்பிருந்தா அன்னிக்கே திருத்தியிருப்பேன். பார்க்கவே இல்லம்மா நான்."

சொல்லிவிட்டு அழுதேன், தினேஷ். உன் காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. அம்மா உன் படத்துப் பூவை எடுத்து எடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பண்ணை வேனுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "போன வருச ஆர்டர் பேப்பர வச்சுக்கிட்டு இந்த வருசம் பூ வெட்டுனா எங்க ஷெட்டுல விடுவாங்களா? காம்பு அளவு மாறினா மாறுனதுதான். நீ பார்த்து வாங்கு. ஆனா பேரு அவன் பேருதான் இருக்கணும்."

அதன் பிறகு எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. உன் பட்டியலை வரி வரியாகச் சோதித்தேன். பிராசஸர் புதுசு, போர்டு புதுசு, ராம் அஞ்சாம் வகை. நீ கேட்ட கண்ணாடி கேபினெட் பெட்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். நம் தெருத் தூசிக்கும் கிரானைட் லாரிகளுக்கும் கண்ணாடி எதற்கடா? முன்பக்கம் முழுக்க வலை, கழற்றிக் கழுவுகிற ஃபில்டர். ஏழு வண்ண லைட்டையும் அடித்துவிட்டேன். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு நீ 'எதுவானாலும் சரி' என்று எழுதியிருந்தாய். நம் ஏரியா வோல்டேஜ் ஆடுகிற ஆட்டம் தெரிந்தும் இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இருந்ததிலேயே நல்லதை எடுத்தேன். கிராஃபிக்ஸ் கார்டு பெட்டிக்குள் நுழையுமா என்று கடையிலேயே ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். "அளவு அட்டையிலேயே இருக்கே மேடம்" என்று சிரித்தார் கடைக்காரர். எழுதியிருப்பதை அப்படியே நம்புவதாக இருந்தால் எனக்கு எதற்குச் சம்பளம்?

ஒரே ஒரு வரியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. கடைசி வரி, விளையாடும்போது கையில் பிடிக்கிற சாமான். 'கன்ட்ரோலர் இரண்டு' என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஒண்ணு அக்காவுக்கு' என்று போட்டிருந்தாய். கையெழுத்துக் கேட்டு நீட்டிய காகிதத்தைக் கடைசி வரி வரைக்குமாவது நான் படித்திருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாப் பாகமும் வந்து சேர்ந்தது. மறுநாள் கம்பெனி பூஜைக்குப் போய்ப் பொரி வாங்கிக்கொண்டு திரும்பினால், அம்மா வீட்டிலும் பூஜையை முடித்திருந்தார். அட்டைகளை எல்லாம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பளபளவென்று இருந்த பிராசஸரின் நடுநெற்றியிலும் ஒன்று. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, மேல் தகட்டோடு நின்றிருந்தது. ஸ்பிரிட் தொட்டுச் சுத்தமாகத் துடைத்து, போர்டில் உட்கார வைத்து, சூடு கடத்துகிற பேஸ்டை அதே இடத்தில் ஒரு துளி வைத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "நான் வச்சத தொடச்சுட்டு நீயும் பொட்டுதானடி வைக்கிற?"

இரண்டு வருடத்தில் அன்றுதான் நானும் அம்மாவும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தோம்.

மெஷின் முதல் தட்டிலேயே ஓடியது. உன் படத்துக்குக் கீழே வைக்கவில்லை. சொட்டுகிற பூவுக்கும் விளக்கு எண்ணெய்க்கும் தள்ளி, ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அங்கேயிருந்து பார்த்தாலும் நீ தெரிவாய். மலையை முழுசாக இறங்கிவிட்டேன், சரக்கில் ஒரு கீறல் இல்லை. உன் கன்ட்ரோலர் இப்போது அம்மாவிடம். சிக்னலுக்குச் சிக்னல் லாரியை நிறுத்தி, ஆளே இல்லாத ரோட்டில் ஹாரன் அடிக்கிறார்.

பட்டியலைப் புதிதாக எழுதினேன். நான்காம் திருத்தம். வரைந்தவர் கட்டத்தில் உன் பெயர். அனுமதித்தவர் கட்டத்தில் அம்மா எழுத்துக்கூட்டி ஒப்பமிட்டிருக்கிறார். சரிபார்த்தவர் கட்டத்தில் நான். உன் பழைய தாளில் அந்தக் கட்டத்தை நிரப்பப் பேனாவை எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். நாள் கடந்து போடுகிற கையெழுத்து செல்லாது, கம்பெனியில் அது பெரிய தப்பு. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். நான் போடாதது போடாததுதான்.

இனி எத்தனை பாகம் மாறினாலும், எத்தனை திருத்தம் வந்தாலும், வரைந்தவர் கட்டத்தில் உன் பெயர் மாறாது. எந்தத் தாளையும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் நான் விடவும் மாட்டேன். இது சத்தியம்.

முழுக்கப் படித்துச் சரிபார்த்தவள்,
உன் அக்கா மீனா