ஹெல்மெட் இல்லாத உன் தலை

அன்புள்ள நைனாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கினால்தான் கடிதமாம். அதனால் போட்டேன். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. திவசத்துக்குள் கூடத்தில் உன் படம் மாட்ட வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள். படத்துக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பத்தைக் குடிவெறியில் நீயே கிழித்து அடுப்பில் போட்டாய். ஆதார் அட்டையில் இருப்பது உன் முகமா, தீய்ந்த தோசையா என்று தெரியவில்லை. மிச்சம் இருப்பது கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் எடுத்த ஒரே போட்டோ. அதிலும் புருவம் வரைக்கும் மஞ்சள் ஹெல்மெட்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். உள்ளேயிருந்து சுருட்டை முடி வந்தது. உனக்கு! "இன்னாடி இது, யாரோ புது மாப்ள மாரி கீறாரு" என்று அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதனால்தான் நான் தலை வரையக் கற்றுக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்து போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். முகத்தில் தொடங்கக் கூடாதாம், முதலில் ஒரு பந்து. பந்தின் இரண்டு பக்கமும் சீவித் தட்டையாக்க வேண்டும். உன் மண்டையைச் சீவும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு முகத்தின் நடுவில் ஒரு கோடு, புருவத்துக்கு ஒரு கோடு, இரண்டும் பந்தின் மேல் வளைந்து போக வேண்டும். நான் கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிட்டேன். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கிறதாம் கண். உன்னை எங்கே நிமிர்ந்து பார்த்தோம், தெரிந்துகொள்ள?

"கொஞ்சம் சிரிச்ச மாரி போடுமா, வரவங்க பாப்பாங்க இல்ல" என்று அம்மா கெஞ்சினாள். எங்களிடம் நீ எப்போது சிரித்தாய்? நீ இருந்தபடியே வரைந்தேன். புருவ எலும்புக்குக் கீழே நிழல் போட்டதும் கண் உள்ளே போனது, மூக்கு முன்னால் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

நீ போன பிறகுதான் அம்மா டி.வி.யைச் சத்தமாக வைத்து, கால் நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்க்கப் பழகியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். காலை மடக்கிக்கொண்டாள்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அவரேதான்" என்றாள். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்னப் பாக்காத மாரி போட முடியுமா?" என்றாள்.

செத்த பிறகும் அவளை நடுங்க வைக்கிறாயே, வெட்கமாக இல்லையா உனக்கு?

முடியும், நைனா. பந்தில் தொடங்குவது இதற்குத்தான். நடுக்கோட்டை ஒரு பக்கமாகத் தள்ளி வளைத்தால் தலையே திரும்பிவிடும். ஒரு கன்னம் ஒதுங்கும், ஒரு காது முழுதாகத் தெரியும். உயிரோடு இருந்தவரை உன்னை யாராலும் அசைக்க முடியவில்லை. இப்போது என் பென்சில் போதும்.

திவசத்தன்று நீ சுவரில் இருப்பாய். மாலை உண்டு, சின்ன பல்பும் உண்டு. ஆனால் உன் கண் வாசல் பக்கம் பார்க்கும். அம்மா உட்காரும் இடத்தில் அது இனி விழாது. இது சத்தியம்.

அம்மாவுக்கு மகள்,
வேறு வழியில்லாமல் உனக்கும்,
சுமதி