அலமாரியைத் தூணோடு இறுக்கு

அன்பு லோஜினிக்கு,

நீயும் கவிஷாவும் சுகம்தானே? அம்மாவின் இருமல் குறைந்ததா? நான் நலம்.

போனில் புது அலமாரியைப் படுக்கப் போடச் சொன்னேன். “ஏங்க, நிக்க வைக்கத்தானே வாங்கினேன்!” என்று சிரித்தாய். காரணம் சொல்ல அப்போது தைரியம் வரவில்லை.

இங்கே கட்டாரில் ஒரு வீட்டில் அதே மாதிரி அலமாரியைப் பலகை பலகையாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். பின்பலகை அடிக்குமுன் அந்த வீட்டுக் குழந்தை தட்டில் ஏற, அலமாரி சாய்ந்தது. தோள் கொடுத்துத் தாங்கிவிட்டேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. நம் கவிஷாவும் ஏறுவாளே.

தச்சரிடம் மூட்டுகளில் பசை வைத்து, பின்பலகையைச் சுற்றி ஆணி அடிக்கச் சொல். நம் தோட்டத்து லய வீட்டுச் சுவர் உதிரும், ஆணி நிற்காது. ஊருக்கு வரும் நண்பன் சிப்னாஸிடம் ‘எல்’ வடிவ இரும்புக் கோணங்கள் தந்திருக்கிறேன், அவற்றால் மரத்தூணோடு இறுக்கு. பிறகு நீயே இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று சொல்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. பிள்ளையை உன் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

துஷாந்த்